பத்துக் கற்பனைகளைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி? ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பத்துக் கற்பனைகளையும், அதாவது வேதாகமத்தின் பத்துக் கட்டளைகளையும், ஒப்பிக்க வைக்க நான்கு ஞாயிறு போதும். நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். ஆண்டுவிழாவில் பிள்ளைகள் மேடையேறி மூச்சுவிடாமல் சொன்னார்கள், எல்லாருக்கும் பரிசு. மறுவாரம் ஒருவனிடம், "எட்டாம் கற்பனைக்கு என்னடே அர்த்தம்?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் பரிசு குடுத்து முடிச்சாச்சே டீச்சர்" என்றான்.

அதன்பின் பாடத்தின் வரிசையை நாலைந்து தடவை மாற்றியிருக்கிறேன். இப்போது பதினான்கு ஞாயிறாக நிலைத்திருக்கிறது. 6 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, தென் மாவட்டத்துச் சபை ஒன்றில் நடத்திப் பார்த்த முறை இது. புதிதாக வகுப்பெடுக்க வருகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. முதலில் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்

வேதாகமம் பத்துக் கற்பனைகள் என்று சொல்கிறது (யாத்திராகமம் 34:28), ஆனால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத் தரவில்லை. யாத்திராகமம் 20:1-17, உபாகமம் 5:6-21 இரண்டு இடத்திலும் அது தொடர்ச்சியான பேச்சு. பிரித்து எண்ணியது சபைகள்.

கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் "வேறே தேவர்கள் வேண்டாம்" என்பதையும் விக்கிரகத்தைப் பற்றியதையும் சேர்த்து ஒன்றாக எண்ணுகிறார்கள். கடைசியில் இச்சையைப் பற்றியதை ஒன்பது, பத்து என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் விக்கிரகம் தனி, இச்சை ஒன்றே. ஆகவே "கொலை செய்யாதிருப்பாயாக" நமக்கு ஆறு, அவர்களுக்கு ஐந்து.

இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஒரு வருடம் கடையில் வாங்கிய சார்ட்டில் ஒரு எண், பாடப்புத்தகத்தில் வேறு எண். அரை மணி நேரம் "எது டீச்சர் சரி?" என்பதிலேயே போயிற்று. ஐயரிடம் (சபைப் போதகரிடம்) கேட்டு, சபையின் எண்ணிக்கையை மட்டும் பயன்படுத்துங்கள். கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், "எண் மாறும், கற்பனை மாறாது" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் சி.எஸ்.ஐ. எண்ணிக்கை.

2. சொற்களைச் சலித்து வையுங்கள்

பழைய திருப்புதலின் (பழைய வேதாகம மொழிபெயர்ப்பின்) தமிழ் நமக்குக் காதில் ஊறியது. பிள்ளைகளுக்கு அது வேறொரு தமிழ். அவர்கள் தெரியாத சொல்லில் முழிப்பதில்லை. தெரிந்த சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுதான் ஆபத்து.

"கற்பனை" என்றால் பள்ளிக்கூடத்தில் மனதில் நினைத்துப் பார்ப்பது. "பத்துக் கற்பனைகள்" என்றதும் ஒரு பாப்பா பத்துக் கதை சொல்லப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாள். முதல் நாளே "கற்பனை என்றால் இங்கே கட்டளை" என்று சொல்லிவிடுங்கள்.

"நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக" என்பதில் "வழங்கு" அவர்களுக்கு "பரிசு வழங்கு" தான். எபிரேய மூலத்தில் அங்கே இருப்பது தூக்குதல், சுமத்தல் என்ற பொருளுள்ள சொல். "கர்த்தருடைய பெயரைச் சும்மா தூக்கிக்கொண்டு திரியாதே" என்றால் பிடித்துக்கொள்கிறார்கள்.

"கனம்பண்ணுவாயாக" என்றால் என்ன என்று கேட்டபோது ஒரு பையன், "அப்பாவை வெயிட் ஆக்கணும்" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் சொன்னதுதான் வேருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எபிரேயத்தில் அந்த வினையின் வேர்ப்பொருளே பாரமாக இருத்தல். ஒருவர் சொல்லுக்கு எடை கொடுப்பது, லேசாகத் தள்ளிவிடாமல் இருப்பது. அன்றிலிருந்து நான் அப்படித்தான் விளக்குகிறேன்.

"களவு" நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நம் பக்கத்தில் கவலை இல்லை, "களவாணிப் பய" எல்லாருக்கும் தெரியும். "பிறன்" என்றால் அடுத்தவன். "இச்சிப்பது" வெறும் ஆசை இல்லை, அவனிடம் இருப்பதே எனக்கு வேண்டும் என்று மனதுக்குள் அரிப்பது.

இந்தச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்தயாரிப்பு இவ்வளவுதான். புரொஜெக்டர், அட்டையில் வெட்டிய கற்பலகை எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது.

3. முதல் இரண்டு ஞாயிறு: ஒரு கற்பனையும் சொல்லாதீர்கள்

புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் 3ஆம் வசனத்தில் தொடங்குவது. 2ஆம் வசனத்தில் தொடங்குங்கள்: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே."

காரணம் இதுதான். "செய்யாதே" என்பதில் தொடங்கினால் பிள்ளையின் மனதில் கடவுள் பிரம்பு வைத்திருக்கும் வாத்தியாராகிவிடுகிறார். "இதையெல்லாம் செய்தால்தான் ஏசப்பாவுக்கு என்னைப் பிடிக்கும்" என்று முடிவு கட்டிவிடும். வேதத்தில் வரிசை நேர் எதிர். முதலில் விடுதலை, கடலைக் கடந்தது 14ஆம் அதிகாரம். பிறகு சாப்பாடு, மன்னா 16. மூன்றாம் மாதத்தில் சீனாய்க்கு வந்து சேர்ந்த பிறகே கற்பனை, 20. விடுதலையானவர்களுக்கு, இனி எப்படி வாழ்வது என்று சொன்னது.

முதல் ஞாயிறு அடிமைத்தனம். யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தை நடிக்க வையுங்கள். வைக்கோல் தரமாட்டேன், செங்கல் கணக்கு மட்டும் குறையக் கூடாது என்கிறான் பார்வோன். செங்கல் சூளையைப் பார்த்த பிள்ளைகள் நம் ஊரில் உண்டு, விளக்கவே வேண்டாம். பழைய நோட்டுகளைச் செங்கலாக அடுக்கச் சொல்லி, ஓய்வே கொடுக்காமல் ஐந்து நிமிடம் விரட்டுங்கள். "டீச்சர், கை வலிக்கு" என்று ஒரு குரல் வரும். அதை மறந்துவிடாதீர்கள், ஓய்வுநாள் பாடத்தில் தேவைப்படும்.

இரண்டாம் ஞாயிறு கடலும் மன்னாவும். கதையாகச் சொன்னாலே போதும்.

4. எண் வரிசையில் நடத்தாதீர்கள்

கடைசியில் ஒப்பிப்பது ஒன்று முதல் பத்து வரை இருக்கட்டும். பாடம் அப்படி வேண்டாம். என் வரிசை: முதலாம் கற்பனை (வேறே தேவர்கள் வேண்டாம்), எட்டு (களவு), சகேயு (எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தவனின் கதை), ஒன்பது (பொய்ச்சாட்சி), ஐந்து (தாய் தகப்பனைக் கனம்பண்ணுவது), நான்கு (ஓய்வுநாள்), ஆறு (கொலை), மூன்று (நாமத்தை வீணிலே வழங்குவது), இரண்டு (விக்கிரகம்), ஏழு (விபசாரம்), பத்து (இச்சை), கடைசியில் நாபோத் (தோட்டத்தைப் பறிகொடுத்தவனின் கதை).

முதலாவதை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைப்பவை. இதோடு மத்தேயு 22:37-40ஐச் சேர்த்துவிடுங்கள். தேவனிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு, இரண்டில்தான் எல்லாம் தொங்குகிறது என்று இயேசு சொன்னது.

உடனே எட்டுக்குத் தாவுவது, ரப்பரும் பென்சிலும் காணாமல் போவது பிள்ளைகளுக்குத் தினசரி நடப்பு என்பதால். தெரிந்த இடத்தில் கால் ஊன்றினால்தான் தெரியாத இடத்துக்கு வருவார்கள். பத்தாவதைக் கடைசிக்கு வைப்பதற்குக் காரணம், அது மட்டுமே வெளியில் தெரியாத கற்பனை. மற்றவற்றை மீறினால் யாராவது பார்க்கலாம். மனதுக்குள் அரிப்பதை யார் பார்ப்பது?

5. ஒரு வகுப்பின் ஒழுங்கு

நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஐந்து நிமிடம் போன வாரத்தைப் பற்றிப் பேச்சு, கேள்வி வேண்டாம். பிறகு வேதக் கதை, பத்து நிமிடம். அதன் பிறகு "இப்ப நீ என்ன செய்வே?" என்று ஒரு நிலைமை, பதினைந்து நிமிடம். மனப்பாட வசனம் ஐந்து, ஜெபம் ஐந்து.

நடுவில் உள்ள பதினைந்து நிமிடம்தான் வகுப்பு. மற்றதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள்.

நிலைமை நெருக்கமாகவும், விடை சட்டென்று வராததாகவும் இருக்க வேண்டும். "கடையில் மிட்டாய் திருடலாமா?" என்றால் "கூடாது டீச்சர்" என்று கோரஸ் வரும், பாடம் அத்தோடு முடிந்தது. இப்படிக் கேளுங்கள்: "அண்ணாச்சி கடையில் பால் வாங்கினாய். மீதி பத்து ரூபாய் தர வேண்டிய இடத்தில் இருபது தந்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்க்கிறாய். அம்மா, 'விடு, அவரு எவ்வளவு கொள்ளையடிக்காரு' என்கிறார்கள். என்ன செய்வாய்?" இப்போது சண்டை வரும். எட்டும் ஐந்தும் மோதுகின்றன. பேச விடுங்கள். விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

6. கவனமாக நடத்த வேண்டிய கற்பனைகள்

மூன்றாவது. "சத்தியமா", "பைபிள் மேல ஆணையா" என்பதை எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறோம். நாம் செய்வதை விட்டுவிடுகிறோம். "பொய் சொன்னா ஏசப்பா கண்ணைக் குத்திருவாரு" என்று மிரட்டுவது, நம் வேலை சுலபமாக நடக்கக் கர்த்தருடைய பெயரைத் தூக்குவதுதான். இந்தப் பாடத்தன்று நான் பிள்ளைகளிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடங்குகிறேன். நானும் மிரட்டியிருக்கிறேன்.

நான்காவது. ஞாயிற்றுக்கிழமை விளையாடக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது என்ற பட்டியலாக்கிவிடாதீர்கள். உபாகமம் 5:14-15ஐ வாசியுங்கள். வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போல இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்கிறது. முதல் வாரம் கை வலித்தவர்களை நினைவுபடுத்துங்கள். பிறகு, "நாம் ஆலயம் விட்டுப் போனதும் பிரியாணி யார் சமைக்கிறது? அவங்களுக்கு எப்ப ஓய்வு?" என்று கேளுங்கள். ஒரு வாரம் மூன்று வீடுகளில் பிள்ளைகள் பாத்திரம் கழுவினார்கள், ஒரு தட்டு உடைந்தது.

ஐந்தாவது. இதில்தான் அதிகம் காயப்படுத்துகிறோம். "உன் நாட்கள் நீடித்திருப்பதற்கு" என்பதை "கீழ்ப்படியாவிட்டால் ஆயுசு குறையும்" என்று திருப்பிச் சொல்லாதீர்கள். தாயையோ தகப்பனையோ இளம் வயதில் இழந்த பிள்ளை உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும். "அப்ப எங்கம்மா ஆச்சி பேச்சைக் கேக்கலையா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டால் உங்களிடம் பதில் இருக்காது. என்னிடம் இருக்கவில்லை.

குடித்துவிட்டு அடிக்கும் அப்பா உள்ள வீடுகளும் நம் சபையில் உண்டு. எபேசியர் 6:1-3ஐ நடத்தினால் 4ஆம் வசனத்தையும் நடத்துங்கள், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று பிதாக்களுக்குச் சொன்னது. கனம்பண்ணுவது என்றால் அடியையும் தகாத தொடுதலையும் மறைப்பது இல்லை என்று வாய் திறந்து சொல்லுங்கள். ஒரு பிள்ளை உங்களிடம் அப்படி ஏதாவது சொன்னால் சபைக்குள் பேசித் தீர்க்க நினைக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீஸில் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம்.

ஆறாவது. "நாங்க யாரையும் கொல்லலையே" என்பார்கள். மத்தேயு 5:21-22க்குப் போங்கள். சகோதரனை மூடன் என்று சொல்வதை இயேசு அங்கே கொலையோடு ஒரே மூச்சில் பேசுகிறார். பட்டப்பெயர், நிறத்தைச் சொல்லிக் கேலி, ஜாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது எல்லாம் இங்கே வரட்டும். கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்து ஜாதி கண்டுபிடிக்கும் பழக்கம் நம் பக்கத்துப் பள்ளிகளில் இருக்கிறது. ஆலயத்துப் பிள்ளைகள் கையிலும் அதைப் பார்த்திருக்கிறேன். சபையில் சிலருக்குப் பிடிக்காது என்பதற்காக இதை விட்டுவிட்டால் ஆறாம் கற்பனையை நடத்தியதாக நான் எண்ண மாட்டேன்.

இரண்டாவது. இந்துப் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படிக்கிறார்கள், சிலர் மே மாத விபிஎஸ்ஸுக்கும் (விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும்) வருகிறார்கள். இந்தக் கற்பனை "நீ உனக்கு உண்டாக்கவேண்டாம்" என்று நம்மைப் பார்த்துச் சொன்னது. அடுத்த வீட்டுச் சாமியைக் கேலி செய்ய அதில் அனுமதி இல்லை. செய்தால் ஒன்பதாவதும் ஆறாவதும் உடைகின்றன. நம் பிள்ளைகள் எதன் முன்னால் மண்டியிடுகிறார்கள் என்று கேட்டால் மார்க், செல்போன், ஹீரோ என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஏழாவது. பத்து வயதுக்குக் கீழே "விபசாரம்" என்ற சொல்லை விளக்க முயன்று தடுமாற வேண்டாம், கண்ணை உருட்டி அதட்டவும் வேண்டாம். எல்லாரும் கல்யாணம் பார்த்திருக்கிறார்கள். ஐயர் சொல்லச் சொல்லி மாப்பிள்ளையும் பெண்ணும் வாக்குக் கொடுப்பதையும் தாலி கட்டுவதையும் நினைவுபடுத்துங்கள். "அன்னைக்குக் குடுத்த வாக்கைக் கடைசி வரைக்கும் காப்பாத்தணும்" என்பதே அந்த வயதுக்குப் போதும். பெரிய பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து, செல்போனில் வருவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். இரண்டு வயதினரையும் சேர்த்து நடத்தினால் ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லை.

ஒன்பதாவதும் பத்தாவதும் ஓரளவு தாமே நடந்துவிடும். பத்தாவதில் மட்டும், பிறனுடைய எருதையும் கழுதையையும் இச்சிக்கக் கூடாது என்று வருவதால், ஒரு கேள்விக்குத் தயாராக இருங்கள்: "டீச்சர், எங்க வீட்டுப் பக்கத்துல எருதும் இல்ல, கழுதையும் இல்ல. அப்ப எங்களுக்கு இது கிடையாதா?" அன்று எருதை எடுத்துவிட்டுக் கியர் சைக்கிளை வைத்தோம்.

7. மீறிய பிறகு என்ன செய்வது என்பதையும் கற்றுக்கொடுங்கள்

பெரும்பாலான வகுப்புகளில் இந்தப் பாடமே இல்லை. "செய்யாதே" என்று பத்துத் தடவை சொல்லிவிட்டு, செய்துவிட்ட பிள்ளைக்கு வழி காட்டாமல் அனுப்பிவிடுகிறோம். அது மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

எட்டாவது முடிந்த உடனே சகேயு (லூக்கா 19:1-10). மரம் ஏறியதைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, 8ஆம் வசனத்தில் நின்றுவிடுங்கள். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறான். யாத்திராகமம் 22:1ஐயும் திறந்தால் அங்கே கணக்கே இருக்கிறது. திருடிய மாட்டைக் கொன்றுவிட்டாலோ விற்றுவிட்டாலோ ஒன்றுக்கு ஐந்து, ஆட்டுக்கு நாலு. பிள்ளைகள் உடனே "ஒரு ரப்பருக்கு எத்தனை டீச்சர்?" என்று ஏலம் போடத் தொடங்குவார்கள். போடட்டும்.

பிறகு மூன்று படி: செய்ததைச் சொல்வது, எடுத்ததைத் திருப்புவது, மன்னிப்புக் கேட்பது. "சாரி" மட்டும் போதாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இதை வகுப்பில் எல்லார் முன்னாலும் செய்ய வைக்காதீர்கள். அவமானப்பட்ட பிள்ளை அடுத்த முறை இன்னும் நன்றாக மறைக்கும். என் பையை ஆலயத்துத் திண்ணையில் திறந்தே வைத்துவிட்டுப் போவேன். சகேயு பாடத்துக்கு மறுவாரம் அதில் இரண்டு ஸ்கெட்ச் பேனாவும் என்னுடைய கத்தரிக்கோலும் கிடந்தன. கத்தரிக்கோல் தொலைந்து எட்டு மாதம். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

8. மனப்பாடம்: அர்த்தத்துக்குப் பிறகு

நடத்தாத கற்பனையை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒன்று. பத்து விரல் இருக்கிறது, வேறு உபகரணம் வேண்டாம். எட்டை நடத்தினால் எட்டாம் விரலை மடக்கச் சொல்லுங்கள். வரிசை மாறி நடத்தினாலும் எண் அதன் விரலில் உட்கார்ந்துவிடும்.

நீளமானவற்றை (2, 4, 5, 10) சின்னப் பிள்ளைகளுக்குச் சுருக்கிக் கொடுங்கள். 11 வயதுக்கு மேல் முழு வசனம்.

ஒரு இடத்தில் காது வையுங்கள். வேகமாகச் சொல்லும்போது "செய்யாதிருப்பாயாக" என்பதன் நடுவில் உள்ள மறுப்பு விழுந்துவிடும். கூட்டத்தில் ஒன்று "களவு செய்திருப்பாயாக" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். திட்டாதீர்கள். 1631இல் லண்டனில் அச்சான ஒரு வேதாகமத்திலேயே ஏழாம் கற்பனையில் மறுப்புச் சொல் விடுபட்டு, அச்சிட்டவர்களுக்கு அபராதம் போட்டார்கள்.

9. பரிசும் நட்சத்திரமும்

வசனத்துக்குப் பரிசு கொடுக்கலாம். நடத்தைக்குக் கொடுக்காதீர்கள். "இந்த வாரம் செய்த நல்ல காரியம்" என்று சார்ட் மாட்டி நட்சத்திரம் ஒட்டினேன். முதல் வாரம் நான்கு நல்ல காரியங்கள், ஆறாவது வாரம் நாற்பது. ஒரு சின்னவன், தெருவில் இல்லாத பாட்டிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுத்திருந்தான். ஒன்பதாம் கற்பனையை நடத்திக்கொண்டே பொய் சொல்லப் பழக்கியது நான்தான். சார்ட்டைக் கழற்றிவிட்டேன்.

10. வீட்டுக்கு அனுப்ப வேண்டியது ஒரு கேள்வி

பெற்றோரிடம் "வசனம் படிக்க வையுங்கள்" என்றால் சனிக்கிழமை இரவு அடி விழும். அதற்குப் பதில் அந்த வாரத்து நிலைமையை ஒரு கேள்வியாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சாப்பிடும்போது பேசட்டும். உபாகமம் 6:7 சொல்வதும் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பேசு என்பதுதான். அண்ணாச்சி கடை மீதிக் காசுக் கேள்வியை அனுப்பிய வாரம் ஒரு அப்பா, "டீச்சர், இதை முதல்ல எனக்கு நடத்துங்க" என்று பதில் போட்டார்.

11. பதினான்காம் ஞாயிறு: நாபோத்தின் திராட்சத்தோட்டம்

1 இராஜாக்கள் 21ஐ மெதுவாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு கற்பனை உடையும்போதும் அந்த விரலை மடக்க வேண்டும், இதுதான் பரீட்சை. ஆகாப் ராஜா அடுத்தவனான நாபோத்தின் தோட்டத்துக்கு ஆசைப்பட்டு, கிடைக்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் கட்டிலில் படுக்கிறான். பிள்ளைகள் சிரிப்பார்கள், பத்தாம் விரல் மடங்கும். பொய்ச்சாட்சிக்காரர் இரண்டு பேர் வருகிறார்கள், ஒன்பது. நாபோத் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்பதே குற்றச்சாட்டு. மூன்றையும் மடக்கலாமா என்று பெரிய பிள்ளைகள் கேட்பார்கள், மடக்கலாம். நாபோத்தைக் கல்லெறிந்து கொல்கிறார்கள், ஆறு. ஆகாப் தோட்டத்தைச் சொந்தமாக்கப் போகிறான், எட்டு. இப்போது ஒருவரும் சிரிப்பதில்லை.

நான் இதை நடத்திய முதல் முறை, சகேயு பாடத்தில் ஏலம் போட்டவர்களில் ஒருத்தி கையைத் தூக்கினாள். "டீச்சர், சகேயு மாதிரி ஆகாபும் திருப்பிக் குடுக்கணும்லா? நாபோத்துதான் செத்துட்டாரே, யாருகிட்ட குடுப்பாரு?"

பக்கத்தில் இருந்தவன், "அவரு பிள்ளைங்ககிட்ட" என்றான். ஆனால் 2 இராஜாக்கள் 9:26 நாபோத்தின் பிள்ளைகள் சிந்திய இரத்தத்தையும் சொல்கிறது. அந்த வசனத்தில் அடையாளம் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். பெரிய பிள்ளைகளில் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, மணி அடிக்கும் வரை பேசாமல் இருங்கள்.